ராஜாவைத் தோற்கடித்த கடைமடை

1937 பிப்ரவரியில் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, ராமநாதபுரத்தில் ராஜாவே வேட்பாளராக நின்றார். பெயர் சண்முக ராஜேஸ்வர சேதுபதி. நீதிக்கட்சியின் பக்கம் நின்ற பெரிய ஜமீன்தார்களில் ஒருவர். சுமார் 2,100 சதுர மைல் சமஸ்தானத்தின் அதிபதி. ராமேஸ்வரம் கோயிலுக்கும் சேதுக்கரைக்கும் காவலர்கள் என்று மக்கள் கையெடுத்துக் கும்பிட்ட மரபின் வாரிசு. அவருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரை. அப்போது தேவருக்கு வயது 28.

ஓட்டுப் போட்டவர்களில் பலர் ஜமீன் நிலத்தை உழுதவர்கள். அவர்கள் தீர்வை கட்டியது ராஜாவுக்கு. அவர்கள் வயலுக்குத் தண்ணீர் விட்ட கண்மாய் ராஜாவுடையது. ஊர்த் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று தீர்மானித்ததும் அரண்மனைதான். இத்தனைக்குப் பிறகும் பெட்டியைத் திறந்து எண்ணியபோது ராஜா தோற்றுப்போயிருந்தார். அதே தேர்தலில் மாகாணத்தின் பிரதமராக இருந்த பொப்பிலி ராஜாவை, அவருடைய சொந்த மண்ணான பொப்பிலியிலேயே வி.வி. கிரி தோற்கடித்தார். மொத்தம் 215 இடங்களில் காங்கிரஸுக்கு 159.

ராமநாதபுரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வறட்சி, வானம் பார்த்த பூமி, தண்ணியில்லாக் காடு என்றுதான் தமிழ்நாடு பேசும். அரசு ஊழியரை மிரட்டுவதற்குக்கூட அந்த ஊர்ப் பெயர்தான் பயன்பட்டது. ஆனால் இந்த மாவட்டத்துக் கிராமங்கள் கிழக்கிந்தியக் கும்பினியின் களஞ்சியத்தை உடைத்திருக்கின்றன, ராஜாவை வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன, ஜமீனின் முடிவைப் பார்த்திருக்கின்றன, ஆட்சிகளுக்கு அமைச்சர்களைக் கொடுத்திருக்கின்றன. இவ்வளவு பலம் இருந்தும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கேட்கும் ஒன்று மட்டும் முழுதாகக் கைக்கு வரவில்லை. வைகையில் அவர்களுக்கு உரிய பங்கு.

கண்மாய்க் கரை அரசியல்

வைகை நேராகக் கடலில் போய்க் கலக்கும் ஆறு அல்ல. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிறது. கண்மாய் நிரம்பி வழிந்தால்தான் மிச்சம் கடலுக்கு. வழியெல்லாம் ஆற்றிலிருந்து கால்வாய்கள் பிரிந்து, ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்து அடுத்த கண்மாயை நிரப்பும்படி சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும் ஊரில், இதை விட்டால் நெல்லுக்கு வேறு வழியில்லை. நாற்பத்தெட்டு மடை கொண்ட ராஜசிங்கமங்கலம் கண்மாயை, நாரையும் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சேதுபதிகள் காலத்தில் வெட்டிய கூத்தன் கால்வாய், ரகுநாத காவிரி ஆகிய பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

பழைய கண்மாய்களில் குமிழி மடையைப் பார்க்கலாம். உள்வாயில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் நடுவே தண்ணீருக்கு அடியில் ஒரு கல்தொட்டி, அதன் மேல்பலகையில் ஒரு துளை. துளையை அடைத்திருக்கும் அடைப்பைத் தூக்கினால், கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் பாயும். கண்மாய் பெருகிக் கிடக்கும் நாளில் மூழ்கித்தான் திறக்க வேண்டும், மூழ்கித்தான் அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஊர் ஒரு ஆளை வைத்திருந்தது. மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஊருக்கு ஒரு பெயர். கூலி பணமாக இல்லை, அறுவடையின்போது களத்தில் கதிராகக் கிடைத்தது. பெரும்பாலும் அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். ஊரின் பெரிய நிலக்காரரும் அவர் மண்வெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மடையில் பாயும் தண்ணீரில் அவருக்கென்று ஒரு வயல் இருப்பது அபூர்வம்.

யார் வயலுக்கு முதல் தண்ணீர், கலுங்கை எவ்வளவு உயரம் வைப்பது, கரை உடைந்தால் எந்தத் தெருவிலிருந்து எத்தனை ஆள் என்பதெல்லாம் ஊர்க்கூட்டத்தில் தீர்ந்தன. மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் சண்டை வந்தால் அரண்மனை தலையிடும். இந்தப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ், 2003இல் வெளிவந்த தன் நூலில் இதைத்தான் விரிவாகக் காட்டினார். இங்கே கண்மாய் வெறும் பாசன வசதி கிடையாது, அதிகாரம் கை மாறும் இடம். கண்மாய் வெட்டிக் கொடுத்தவர் தலைவரானார். மராமத்துப் பார்க்காத தலைவருக்கு ஊர் பணிய மறுத்தது. குடிமராமத்து என்ற வழக்கமே இந்தக் கொடுக்கல் வாங்கலில் நின்றதுதான். 1858இல் அந்த உழைப்பைக் கட்டாயமாக்க ஆங்கிலேயர் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது என்றால், வழக்கம் அதற்குள் எந்த அளவுக்குத் தளர்ந்துவிட்டது என்று யூகிக்கலாம்.

களஞ்சியத்தை உடைத்தவர்கள்

1795 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கும்பினி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தது. அதன்பின் சீமையின் வரியைக் கும்பினி கலெக்டர்களே நேரடியாக வசூலித்தார்கள். ராஜா மாறினால் குடியானவனுக்கு என்ன என்று சும்மா இருக்க முடியவில்லை. ராஜா காலத்தில் விளைச்சல் பொய்த்தால் தள்ளுபடி கேட்டு முறையிட ஓர் அரண்மனை வாசலாவது இருந்தது. கலெக்டர் கச்சேரியில் கணக்குப் புத்தகம்தான் இருந்தது.

நான்கே ஆண்டில், 1799 ஏப்ரலில், முதுகுளத்தூரில் நெருப்புப் பற்றியது. சித்திரங்குடியைச் சேர்ந்த மயிலப்பன் சேர்வைகாரர், சேதுபதியின் படையில் இருந்தவர், ஆள் திரட்டி முதுகுளத்தூர்க் கச்சேரியைத் தாக்கினார். அபிராமத்தில் கும்பினியின் துணிக்கிடங்கும் கமுதியில் நெற்களஞ்சியமும் கிளர்ச்சிக்காரர்களின் கைக்கு வந்தன. அவர்கள் குறிவைத்த இடங்களைப் பார்த்தாலே கோபம் எதன்மீது என்று புரியும். வரி வசூலிக்கும் இடம், நெசவாளர் துணி போய்ச் சேர்ந்த இடம், குடியானவர் நெல் போய்ச் சேர்ந்த இடம். சில வாரங்கள் அந்தப் பகுதியில் கும்பினி ஆட்சி இல்லாமலே போனது. ராமநாதபுரத்து வரலாற்றாசிரியர் எஸ்.எம். கமால் இந்தக் கிளர்ச்சியை ஆவணங்களிலிருந்து மீட்டெழுதும்வரை பாடப்புத்தகங்களில் இதற்குப் பெரிய இடமில்லை. மயிலப்பன் பின்னர் மருதிருவரோடு சேர்ந்து போரிட்டுப் பிடிபட்டு, 1802இல் தூக்கிலிடப்பட்டார்.

கும்பினி ஒரு பாடம் கற்றுக்கொண்டது. நேரடியாக ஆள்வதைவிட, வசூலுக்கு உள்ளூர் ஆளை வைப்பது மேல். 1803இல் ராஜாவின் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியார் ஜமீன்தாரிணி ஆனார். சேதுபதிகள் மன்னர்களாக இருந்து ஜமீன்தார்களாக இறங்கியது அப்போதுதான்.

அம்பாரத்தின் மேல் சாணிப்பால்

வங்காளத்தில் 1793இல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் 1802இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் சூட்சுமம் எளிது. ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்டும் பேஷ்குஷ் தொகை மாறாது. குடியானவர் ஜமீன்தாருக்குக் கொடுப்பதற்கு அப்படி ஒரு வரம்பைத் திட்டவட்டமாகப் போடவில்லை.

நெல் நிலங்களில் வாரமுறை நடந்தது. விளைச்சலில் மேல்வாரம் ஜமீனுக்கு, குடிவாரம் உழுதவனுக்கு. கதிரடித்து நெல்லைக் களத்தில் அம்பாரமாகக் குவித்த பிறகு, அதன் மேல் சாணிப்பாலால் குறியிட்டுவிடுவார்கள். ஜமீன் கணக்குப்பிள்ளை வந்து அளந்து பங்கு பிரிக்கும்வரை ஒரு மரக்கால் எடுக்க முடியாது, எடுத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப்பிள்ளை வர நாளானால் நெல் மழையில் நனையும், மாடு மேயும், எலி தின்னும். அவரைச் சீக்கிரம் வரவழைக்க ஒரு செலவு, அளவு சரியாக இருக்க இன்னொரு செலவு. குடியானவரின் பாதிப் பங்கு பாதியாக வீடு வந்து சேர்ந்ததில்லை.

1865இல் ஒரு சட்டம், ஜமீன்தாரும் குடியானவரும் பட்டாவும் முச்சலிக்காவும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. 1908ஆம் ஆண்டின் மதராஸ் எஸ்டேட் நிலச் சட்டம் அதைவிட ஒரு படி மேலே போய், உழுத குடியானவருக்கு நிலத்தில் நிலையான உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. நினைத்தபடி வெளியேற்ற முடியாது, தானியத் தீர்வையைப் பணமாக மாற்றக் கேட்கலாம். காகிதம் கைக்கு வந்தது. வழக்காடத் தெரிந்த குடியானவர், வக்கீல், ஊர்ப் பெரியவர் என்று ஒரு புதிய கூட்டம் உருவானது. பின்னாளில் காங்கிரஸின் கிராமக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் இத்தகையவர்களே.

1930களின் உலகப் பொருளாதார மந்தம் அடுத்த அடி. நெல் விலை சரிந்து விழுந்தது. பணத்தீர்வை மட்டும் பழைய விலைவாசியிலேயே நின்றது. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டிய தீர்வைக்கு இப்போது அதைவிடப் பல மூட்டை கூடுதலாக விற்க வேண்டியிருந்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ்காரர்கள் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியதோடு தீர்வைக் குறைப்பைப் பற்றியும் பேசினார்கள். கிராமத்துக் காதில் முதலில் விழுந்தது இரண்டாவதுதான் என்று சொன்னால் தவறாகாது.

ரேகையும் ஓட்டும்

தேவரின் வெற்றிக்கு வெறும் தீர்வைக் கோபம் மட்டும் காரணம் இல்லை. 1929இல் ராமநாதபுரம் பகுதி மறவர்கள் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்திருந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதி வேண்டும். பகலில் ஏர் பிடித்தவன் இரவில் சந்தேகக் கைதி. கண்மாய்க்கு இரவில் தண்ணீர் வந்தால் கரைக்குப் போவதற்குக்கூட அச்சப்பட வேண்டிய நிலை. தேவர் ஊர் ஊராகப் போய் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். 1947இல் அது சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது.

அவர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலபுலன் மிக்க குடும்பம். ராஜாவுக்கு எதிராகக் கிராமங்கள் தேர்ந்தெடுத்த தலைவரும் நிலவுடைமைக் குடும்பத்தவர்தான். இந்த மாவட்டத்துக் கிராம அரசியல் உழவன் என்ற பெயரில் திரளாமல், சமூகத்தின் பெயரில் திரண்டதற்கு முதல் அடையாளம் இங்கேயே தெரிகிறது.

1937இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் வருவாய் அமைச்சர் டி. பிரகாசம், ஜமீன் குடிகளின் நிலையை ஆராயும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். தீர்வையை நிரந்தரத் திட்டம் வந்த காலத்து அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று 1938இல் குழு சொன்னது. 1939இல் அமைச்சரவை பதவி விலகியது, அறிக்கை அலமாரிக்குப் போனது. மீண்டும் பேச்செடுக்கப் பல ஆண்டு ஆனது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த முதல்வர், அவர் காலத்தில் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1949இல் ராமநாதபுரம் சமஸ்தானம் அரசின் கைக்கு வந்தபோது, முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா. அவருக்குப் பின் ஐந்தாண்டுக்குள் அதே மாவட்டத்து விருதுநகரிலிருந்து காமராஜர் வந்தார். ஒரு வறண்ட மாவட்டம் ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முதல்வர்களைத் தந்தது.

இன்னொரு வேடிக்கை. ஜமீன் போன பிறகு அதே சண்முக ராஜேஸ்வர சேதுபதி, 1952, 1957, 1962 என்று மூன்று தேர்தல்களில் ராமநாதபுரத்தில் வென்றார். ராஜாஜி, காமராஜர் இருவருடைய அமைச்சரவையிலும் இடம்பெற்றார். தீர்வை வாங்கும் ராஜாவை 1937இல் தோற்கடித்த தொகுதி, தீர்வை வாங்க முடியாத ராஜாவுக்கு ஓட்டுப் போட்டது. கிராமத்துக்காரர்களுக்கு ராஜா மீது இருந்தது பகை அல்ல, கணக்கு.

பட்டா வந்தது, கண்மாய் போனது

ஜமீன் ஒழிப்பால் உழுத குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. அது பெரிய வெற்றி. ஆனால் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின.

ஒன்று, கண்மாய். பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும், நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை பின்னர் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. மராமத்துக்கு இனி ஊர் மனுப் போட வேண்டும், ஒப்பந்தக்காரர் வர வேண்டும். அரண்மனை வாசலில் நின்றவர்கள் இப்போது பொறியாளர் அலுவலக வாசலில் நின்றார்கள். உள்வாயில் ஆக்கிரமிப்பும் சீமைக் கருவேலமும் மண்டியதற்கு இந்த ஆளற்ற நிலையும் ஒரு காரணம்.

இன்னொன்று, நிலமில்லாதவர்கள். மடையைத் திறந்து மூடிய கை, நாற்று நட்ட கை, அவற்றுக்குப் பட்டா கிடைக்கவில்லை. படித்து, பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய தேவேந்திர குல வேளாளர் இளைஞர்கள் பழைய அடக்குமுறையை ஏற்க மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் செல்லூரைச் சேர்ந்த இம்மானுவேல் சேகரன். 1957இல் தேவர் நாடாளுமன்றத் தொகுதியை வைத்துக்கொண்டு முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியை விட்டுக்கொடுக்க, ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. தேவருடைய ஃபார்வர்டு பிளாக்குக்கு ஓட்டா, காங்கிரஸுக்கு ஓட்டா என்ற பிளவு, ஊர்களில் சாதிப் பிளவாகவே விழுந்தது. செப்டம்பர் 10 அன்று கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் இம்மானுவேல் சேகரன் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் ஐந்து மறவர்கள் இறந்தார்கள். கலவரத்தில் இறந்தவர்கள் நாற்பதுக்கும் மேல். கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவர் 1959இல் விடுதலையானார்.

அதன்பின் இந்த மாவட்டத்துக் கிராமங்களைக் கட்சிகள் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. செப்டம்பர் 11க்குப் பரமக்குடிக்கும், தேவர் குருபூஜை நாளான அக்டோபர் 30க்குப் பசும்பொன்னுக்கும் எல்லாக் கட்சித் தலைவர்களும் வந்து மாலை போடுகிறார்கள். அந்த அஞ்சலிகளுக்குப் பின்னால் உண்மையான வலியும் மரியாதையும் இருக்கின்றன. ஆனால் தலைவர்களின் கார்கள் வந்து போகும் அதே பாதையோரத்தில் இரண்டு சமூகத்தாருக்கும் பொதுவான கண்மாய் வறண்டு கிடப்பதைப் பற்றி எந்த மேடையும் அதிகம் பேசுவதில்லை.

தஞ்சையும் கோவையும்

தமிழ்நாட்டில் உழவர்கள் உழவர்களாகவே திரண்டு அரசியலை அசைத்த இடங்கள் வேறு. தஞ்சையில் பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும் செங்கொடியின் கீழ் திரண்டார்கள். 1952இலேயே அவர்களுக்கென்று பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொங்குப் பகுதியில் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் கிணற்றுப் பாசன விவசாயிகள் மின்கட்டணத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1972இல் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகள் மறித்தன. துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தின் பலனாக, 1990இல் விவசாயப் பம்புசெட்டுகள் அனைத்துக்கும் மின்சாரம் இலவசமானது.

அந்தச் சலுகை ராமநாதபுரத்துக்கு என்ன செய்தது? கடற்கரையை ஒட்டிய பெரும்பகுதியில் நிலத்தடி நீர் உப்பு. மோட்டார் போட்டு உப்புத் தண்ணீரை இறைத்து யார் நெல் விளைவிப்பது? தஞ்சையில் பெரும் பண்ணையாரும் கூலியாளும் எதிரெதிரே நின்றார்கள், கோவையில் எல்லோருக்கும் ஒரே மின்வாரிய ரசீது வந்தது. ராமநாதபுரத்தில் எதிராளி யார் என்று சுட்டிக்காட்ட முடியவில்லை. மழை எதிராளியா, மேல் ஊர்க்காரனா, மதகைத் திறக்காத பொறியாளரா? எதிராளி தெரியாத இடத்தில் சங்கம் வளர்வது கடினம்.

தாங்க முடியாதவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் இந்தச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போய்க்கொண்டே இருந்தது. கங்காணி முன்பணம் கொடுப்பார், மண்டபம் முகாமில் பரிசோதனை நடக்கும், 1914க்குப் பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அங்கேயும் அவர்கள் ஓட்டு அரசியலை அசைத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் வென்றதும், மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்த மக்களின் தலைவராக எழுந்த சௌமியமூர்த்தி தொண்டமான் பிறந்தது அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தாத்தா பஞ்சத்துக்குப் பயந்து கடந்துபோன அதே மண்டபம் முகாமுக்குப் பேரன் திரும்பி வந்தான்.

கடலோரத்துக் குரல்

இதே மாவட்டத்தில் இன்னொரு கிராமச் சமூகம் தன் குரலைத் தலைநகரங்களுக்குக் கேட்க வைத்திருக்கிறது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மீனவர்கள். 285 ஏக்கர் கச்சத்தீவு ஒரு காலத்தில் ராமநாதபுரம் ஜமீன் கணக்கில் இருந்தது. 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்களுக்குப் பிறகு அந்தத் தீவும் அதைச் சுற்றிய கடலும் தமிழ்நாட்டுத் தேர்தல்தோறும் பேசுபொருள். ராமேஸ்வரத்தில் படகுகளை நிறுத்தி வேலைநிறுத்தம் அறிவித்தால், முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதுகிறார். கொழும்பிலும் அது செய்தியாகிறது. மீனவர் சங்கங்கள் கையாள்வது எளிய உத்தி: எல்லோரும் ஒரே நாளில் வேலையை நிறுத்துவது, ஒரே கோரிக்கையைச் சொல்வது. மாவட்டத்தின் உள்ளே, பரமக்குடியிலும் முதுகுளத்தூரிலும் இருக்கும் உழவனுக்கு அப்படி நிறுத்த ஒன்றும் இல்லை. அவன் விதைக்காமல் விட்டால் கேட்க ஆளில்லை. காய்ந்த பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு வருகிறான், மனு கொடுக்கிறான், திரும்பிப் போகிறான்.

ஏழு பங்கு

தண்ணீர்க் கதைக்கு வருவோம். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று 1789இலேயே ஆள் அனுப்பிப் பார்த்தவர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவு மலைக்க வைத்ததால் கைவிட்டார். 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் அதற்கான அணையைக் கட்டி முடித்தார். யோசனை ராமநாதபுரத்துடையது, பேரணையிலிருந்து பிரிந்த புதுக் கால்வாய்ப் பாசனம் மதுரை, மேலூர்ப் பக்கத்துடையது. 1959இல் வைகை அணை வந்தது. அதுவரை வெள்ளமாக வந்து கண்மாய்களை நிரப்பிய தண்ணீர், அணைக்குப் பின் அரசாணையால் வரும் தண்ணீராயிற்று. பூர்வீகப் பாசனத்துக்கான பங்கீடு பன்னிரண்டில் ஏழு ராமநாதபுரத்துக்கு, மூன்று சிவகங்கைக்கு, இரண்டு மதுரைக்கு. ராமநாதபுரத்தின் பூர்வீக ஆயக்கட்டு 67,837 ஏக்கர். காகிதத்தில் பெரும்பங்குக்காரர் கடைமடைதான். ஆனால் பார்த்திபனூர் மதகுக்கு வந்து சேருமுன் தண்ணீர் கடக்க வேண்டியது மணல் அள்ளிப் பள்ளமான ஆறு, மேலே இருக்கும் ஊர்களின் தாகம், வழிநெடுகிலும் கிணறுகள்.

மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிந்தது. குமாரசாமி ராஜாவின் ஊரும் காமராஜரின் ஊரும் வேறு மாவட்டத்துக்குப் போயின. மிஞ்சிய ராமநாதபுரத்துக்கு ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். தொகுதி மறுசீரமைப்பில் கடலாடி கரைந்து, 2011 முதல் நான்கு. சட்டசபையின் 234 பேரில் நான்கு பேர். 1937இல் மாகாணத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஊர்களின் எடை இன்று இவ்வளவு.

இருந்தும் சில அசைவுகள் உண்டு. 2021 பிப்ரவரியில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 14,400 கோடி ரூபாய், 262 கிலோமீட்டர் கால்வாய். வெள்ளக் காலத்துக் காவிரி உபரி நீர் குண்டாற்றுக்கு வர வேண்டும். 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவைக் காத்தபோது, ராமநாதபுரம் அதில் இல்லை. 2025இல் இந்தப் பகுதியில் 20 ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செய்தி வெளிவந்ததும் உழவர்களும் மீனவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. நஞ்சை உழுபவரும் வலை வீசுபவரும் ஒரே கோரிக்கையில் நின்றதற்கு இந்த மாவட்டத்து வரலாற்றில் உதாரணங்கள் அதிகம் இல்லை.

ராமநாதபுரத்துக் கிராமங்கள் அரசியல் பலம் இல்லாதவை என்ற பேச்சு தவறு. 1799இல் வரிக்காக, 1937இல் தீர்வைக்காகவும் ரேகைக்காகவும் திரண்டார்கள், திரண்டதற்கெல்லாம் விலையும் கொடுத்தார்கள். தண்ணீருக்காக அப்படி ஒருமுறைகூட எல்லாச் சமூகமும் சேர்ந்து திரளவில்லை. அதுதான் ஏழு பங்கு காகிதத்திலேயே நிற்பதற்குக் காரணம். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், எந்தச் சமூகமாக இருந்தாலும், மாவட்டத்தின் 429 ஊராட்சிகளிலும் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: பார்த்திபனூர் மதகுக்குப் போன வருஷம் நம்முடைய ஏழு பங்கில் எத்தனை வந்தது, கணக்கை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுவீர்களா?